கொஞ்சம் டீசல் கூட்டி வைங்க

சங்ககிரியில் நான் தொழில் பழகிய பட்டறைக்கு வரும் லாரி டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே சொல்லிக்கொண்டு இறங்குவார்கள்: "மேஸ்திரி, கொஞ்சம் டீசல் கூட்டி வைங்க. தொப்பூர் மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது."

மைக்கோ பம்ப் ராஜ்ஜியம் நடந்த காலம் அது. என்ஜினின் பக்கவாட்டில் ஆறு பிளஞ்சர்களோடு உட்கார்ந்திருக்கும் பம்ப்தான் எப்போது, எவ்வளவு டீசல் என்று முடிவு செய்யும். அதிகபட்ச அளவுக்கு ஒரு ஸ்க்ரூ உண்டு. அதன் தலையில் கம்பி கோத்து ஈய சீல் அடித்திருப்பார்கள். சீலை அறுத்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் போதும், லாரிக்கு இழுவை வந்துவிடும். கூடவே கரும்புகையும் வரும். பாரத்தோடு மேடு ஏறும்போது மேனிபோல்ட் பழுக்கக் காய்ந்து சிவந்து நிற்கும். அதையும் பொருட்படுத்தாமல் மிதித்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை.

எங்கள் மேஸ்திரி உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். என்ன லோடு, எந்த ரூட், எப்போதிருந்து இழுக்கவில்லை என்று பெண் பார்க்க வந்தவர் மாதிரி விசாரிப்பார். "போன மாசம் இழுத்த வண்டி இந்த மாசம் இழுக்கலீன்னா டீசல் பத்தாம இல்லீங்க, வேற எதோ கெட்டிருக்குது" என்பார். பாதி வண்டிகளில் ஏர் ஃபில்டர்தான் மண்ணாக அடைத்திருக்கும். அதைத் தட்டிப் போட்டு டீக்காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். மீதியில் பம்பை இறக்கி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, கண்ணாடிக் குழாய்களில் ஆறு பிளஞ்சரும் எத்தனை சி.சி. தள்ளுகின்றன என்று அளந்து, வண்டி நம்பரோடு ஒரு நோட்டில் எழுதிய பிறகுதான் ஸ்க்ரூ பக்கம் கை போகும். "திருப்பி வைக்கத் தெரியாதவன் திருப்பக் கூடாதுடா" என்று அந்த நோட்டை என் தலையில் தட்டிச் சொல்வார். 1991இல் எனக்குப் பதினாறு வயது. நோட்டில் எழுதுவது என் வேலை. எனக்கு அது தண்டனையாகத்தான் தெரிந்தது.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம், போன மாதம் ஈரோட்டிலிருந்து அக்கா மகன் செய்த போன். "மாமா, வீட்டுக்கே லேப்டாப்போட வந்து காருக்கு ரீமேப் போட்டுத் தர்றாங்களாம். ஒரு மணி நேரந்தானாம், பதினஞ்சாயிரம். நம்பலாங்களா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2013லிருந்து 2018 வரை கோயம்புத்தூரில் லேப்டாப் பையோடு வீடு வீடாகப் போன ஆட்களில் நானும் ஒருவன்.

பம்ப் கடையில் இருந்தவன் லேப்டாப்புக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. காமன் ரெயில் வந்தது. ஆக்சென்ட் சிஆர்டிஐ, இன்னோவா, ஸ்கார்ப்பியோ, 2007இல் ஃபியட்டின் 1.3 லிட்டர் என்ஜினோடு ஸ்விஃப்ட் டீசல் என்று வரிசையாக வந்தன. அளவு வைக்க ஸ்க்ரூவும் இல்லை, அறுக்க சீலும் இல்லை. பழைய நாசில் இருநூறு சொச்சம் பாரில் திறக்கும். இங்கே ரெயிலில் 1,600 பார் அழுத்தம் நிற்கிறது. எந்த நொடி எந்த இன்ஜெக்டர் எத்தனை மைக்ரோ செகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று ஈசியூ என்ற கம்ப்யூட்டர் சொல்கிறது. நான் கற்ற வித்தையில் பாதி ஐந்தாறு வருஷத்தில் பழைய இரும்புக்குப் போயிற்று. ஸ்கேனர் வாங்கினேன், படித்தேன். ஈசியூவுக்குள் இருப்பதும் என் மேஸ்திரியின் நோட்டு மாதிரியான அட்டவணைதான் என்று புரிந்த நாளில் எனக்குப் பயம் விட்டுப் போனது. இந்த ஆர்பிஎம்மில், இவ்வளவு மிதித்தால், இத்தனை மில்லிகிராம் டீசல். டர்போவுக்கு இத்தனை அழுத்தம். இந்தக் காற்றுக்கு இதற்கு மேல் டீசல் கொடுத்தால் புகை வரும், நிறுத்திக்கொள். இந்த டார்க்கைத் தாண்டினால் கிளட்ச் தாங்காது, நிறுத்திக்கொள். அந்தக் கட்டங்களில் உள்ள எண்களை மாற்றி எழுதுவதற்குப் பெயர்தான் ரீமேப். கடைப் பாஷையில் மேப் போடறது.

கோயம்புத்தூரில் அதற்கு ஆள் பிடிக்க அலைய வேண்டியதில்லை. ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டிய கரிவரதனின் ஊர் இது. செட்டிபாளையத்தில் அவர் பெயரில் பந்தயத் தடமே இருக்கிறது. ஆலை முதலாளி வீட்டுப் பையன் முதல் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைப் பையன் வரை எல்லோருக்கும் வண்டி பறக்க வேண்டும். 75 குதிரைத்திறன் ஸ்விஃப்டை 95 ஆக்கித் தருகிறேன் என்றால் விலைகூடக் கேட்க மாட்டார்கள்.

நான் முதலில் வாங்கியது டூப்ளிகேட் கருவி. மறைத்து என்ன ஆகப்போகிறது? இத்தாலிக் கருவியின் ஒரிஜினல் விலை அப்போது எனக்கு ஒரு பழைய காரின் விலை. அதைப் பார்த்து அச்சாகச் செய்த சீன நகல் சில ஆயிரத்தில் கிடைத்தது. நிறமும் லோகோவும் ஒன்றுதான். வித்தியாசம் உள்ளே. பல கார்களில் ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட் வழியாக ஈசியூவில் எழுத முடியும், ஆனால் முழுவதையும் படிக்க முடியாது. ஒரிஜினல் கருவி அப்போது சாஃப்ட்வேர் எண்ணைக் கேட்டு, அதே எண்ணுக்குரிய கம்பெனி ஃபைலைத் தன் சர்வரிலிருந்து இறக்கிக் கொடுக்கும். நகலுக்கு சர்வர் ஏது? அதை வைத்திருப்பவர் இன்னொருவரிடம் 'அதே மாடல்' ஃபைலை வாங்கி எழுதுகிறார். எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மாறியிருக்கும். கார் ஸ்டார்ட் ஆகும், ஓடும். ஆனால் உங்கள் காரின் சொந்த ஃபைல் இனி உலகத்தில் யாரிடமும் இல்லை. "ஸ்டாக்குக்கு எப்ப வேணா மாத்திக்கலாம்ங்க" என்று வாய் கூசாமல் நானே சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வருபவரைப் பற்றி ஜனங்களுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. பெரும்பாலும் அவர் டியூனர் இல்லை, தபால்காரர். காரிலிருந்து எடுத்த ஃபைலை நெட்டில் ஓரிடத்துக்கு அனுப்புகிறார். அங்கே யாரோ எண்களை மாற்றித் திருப்பி அனுப்புகிறார்கள். நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில் வாடிக்கையாளர் வீட்டு அம்மா காபி கொடுப்பார்கள், நான் குடித்துக்கொண்டே ஏதோ கணக்குப் போடுவதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஃபைலை மாற்றியவருக்கு உங்கள் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாது. இன்டர்கூலர் ஹோஸில் எண்ணெய் கசிவது, மூன்றாம் இன்ஜெக்டர் ரிட்டர்ன் அதிகமாக விடுவது, நீங்கள் வாரம் இரண்டு முறை ஊட்டி ஏறுபவர் என்பது, எதுவும் தெரியாது. அவர் பார்த்தது எண்களை. காரைப் பார்த்தது நான். நான் பார்த்தேனா?

2014இல் ஒரு கால்டாக்ஸி டிரைவர் வந்தார். டிசையர் டீசல், தொண்ணூறாயிரம் ஓடியிருந்தது. "அண்ணா, லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் ஏறுனாப் போதுங்க, டியூ கட்டிருவேன்." மைலேஜ் ஏறும் என்றேன். பச்சைப் பொய் அல்ல. அடி ஆர்பிஎம்மில் இழுவை கூடினால் சீக்கிரமே மேல் கியருக்குப் போகலாம், பழையபடி ஓட்டினால் கொஞ்சம் மிஞ்சும். அவர் வீட்டு வாசலிலேயே எழுதிக் கொடுத்தேன். தெரு முனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து முகமெல்லாம் சிரிப்பு. மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு போன். கல்லாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் நிற்கிறார். காரில் ஐந்து பேர், கூரையில் லக்கேஜ். "என்ஜின் சத்தம் ஏறுதுங்கண்ணா, வண்டி ஏற மாட்டேங்குது. கருகுன வாடை வேற."

கிளட்ச். கம்பெனி விட்ட 190 நியூட்டன் மீட்டருக்கு அந்தத் தேய்ந்த தட்டு இன்னும் ஆறு மாதம் தாங்கியிருக்கும். நான் அதை 240 ஆக்கினேன். தட்டு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கருவியே வேண்டாம்: சமதரையில் ஐந்தாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஒரே மிதி மிதித்தால், வண்டி ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் எகிறினால் தீர்ந்தது. இரண்டு நிமிஷ வேலை. நான் செய்யவில்லை, ஏனென்றால் அன்று இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து டோ வண்டி பிடித்து இறக்கினோம். கிளட்ச் செட்டுக்கும் கூலிக்கும் பாதியை நான் கொடுத்தேன். மீதியையும் நானே கொடுத்திருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை, நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்னொரு ராத்திரி அவிநாசி ரோட்டில் ஒரு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட். 1.6 லிட்டர் டீசல் செடான். மறுநாள் விடிகாலை அந்தக் குடும்பம் குருவாயூர் கிளம்ப வேண்டும். எழுத ஆரம்பித்ததும் ரேடியேட்டர் ஃபேன் தானாக முழு வேகத்தில் சுற்றத் தொடங்கியது. சில கார்கள் அப்படித்தான். ஈசியூ தூங்கும்போது ஃபேனை ஓடவிட்டுவிடும். ஃபேன் தின்னும் கரண்டில் பழைய பேட்டரி சாய்ந்தது. எழுதும் நேரம் முழுக்க வோல்டேஜ் ஆடாமல் 13க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதற்கென்று ஒரு பவர் சப்ளை இருக்கிறது. கனமான பெட்டி. பைக்கில் வைக்க இடமில்லை என்று கடையிலேயே விட்டு வந்திருந்தேன். 64 சதவீதத்தில் திரை நின்றது. ஃபேனும் நின்றது. அதன்பின் சாவி போட்டால் மீட்டரில் விளக்குகூட ஒழுங்காக எரியவில்லை.

ஈசியூவைக் கழற்றி, கடைக்குக் கொண்டுபோய், மூடியைச் சூடு காட்டிப் பிளந்து, போர்டில் நேரடியாக ஒயர் வைத்து பூட் மோடில் எழுதி எழுப்ப விடிகாலை மூன்றே முக்கால் ஆயிற்று. எங்கள் பாஷையில் செத்த ஈசியூவுக்கு 'செங்கல்' என்று பெயர். செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் குருவாயூர் பயணத்தைப் பற்றி யோசித்த ராத்திரி அது. பொருத்திக் கொடுத்தபோது வீட்டுக்காரர் கேட்டார்: "லேட் ஆனாலும் பர்ஃபெக்டா பண்ணியிருக்கீங்க போல?" ஆமாம் என்றேன்.

ஏமாற்று வேலைகளும் இருக்கின்றன. அவற்றை நான் செய்யவில்லை, செய்தவர்களோடு டீ குடித்திருக்கிறேன். சுலபமானது பெடல் மேப். கால் முப்பது சதவீதம் அழுத்தினால் அறுபது என்று ஈசியூ எடுத்துக்கொள்ளும்படி மாற்றிவிடுவது. என்ஜினின் அதிகபட்சத் திறன் ஒரு குதிரைகூட ஏறியிருக்காது. ஆனால் தொட்டதும் பாயும். சொந்தக்காரர் "சூப்பருங்க" என்று காசை எண்ணுவார். இன்னொன்று மீட்டரில் மைலேஜ். உண்மையில் எவ்வளவு டீசல் போனது என்று ஈசியூ அளப்பதில்லை, தான் கட்டளையிட்ட அளவைத்தான் கூட்டிக் காட்டுகிறது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிவிட்டு அளவு எண்ணை அப்படியே வைத்தால், பதினெட்டு கொடுக்கிற கார் இருபத்திரண்டு என்று காட்டும். பங்கில் டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்ப்பவர்தான் கண்டுபிடிப்பார். அப்படிப் பார்ப்பவர்கள் குறைவு.

எண்ணை மாற்றி ஏமாற்றுவது பெரிய இடத்திலும் நடந்ததுதான். 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் சிக்கியது: சோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டு புகையைக் குறைக்கும்படி சாஃப்ட்வேரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதே குடும்பத்து டீசல் என்ஜின் உள்ள 3,23,700 கார்களை இந்தியாவிலும் திரும்ப அழைத்தார்கள். 2019இல் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட, உச்ச நீதிமன்றம் வசூலிக்கத் தடை கொடுத்தது. என் சின்ன உலகத்தில் அது வேறு மாதிரி வந்து சேர்ந்தது. சர்வீஸுக்கு விட்ட கார்களில் புது சாஃப்ட்வேர் ஏற்றினார்கள். நான் போட்ட மேப் அதோடு அழிந்தது. "அண்ணா, வண்டி செத்துப்போச்சு, பழையபடி பண்ணிக் கொடுங்க" என்று வாரத்துக்கு இரண்டு போன். என்னிடம் இருந்த பழைய ஃபைல் இனி அந்த ஈசியூவுக்குப் பொருந்தாது என்று விளக்கவே நாக்கு வறண்டது. சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் ஏற்றினால் மேப் போய்விடும் என்பதை முன்கூட்டியே சொல்பவர்கள் இன்றும் எத்தனை பேர்?

ஃபோக்ஸ்வாகன் கார்களில் டிஎஸ்ஜி ஆட்டோமேடிக் கியர் பாக்ஸ் உள்ளவற்றுக்கு இழுவை கூட்டச் சொல்லிக் கேட்டாலும் எனக்கு உதறல்தான். ஏழு கியர் உலர் கிளட்ச் வகை. செய்தவர்களே வைத்த எல்லை 250 நியூட்டன் மீட்டர். 1.5 லிட்டர் டீசல் வென்டோ கம்பெனியிலிருந்து வந்தபோதே சரியாக 250. அதற்கு மேல் ஒரு முழம் கயிறுகூட மிச்சமில்லை. அதில் 320 ஏற்றித் தருகிறேன் என்று விளம்பரம் போடுகிறார்கள்.

சட்டம் எளிது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, இப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். என் கடைக்கு வருபவர்கள் அபராதத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள். இன்சூரன்ஸ் என்றால்தான் முகம் மாறும். மேப் போட்டதைச் சொல்லாமல் பாலிசி எடுத்து, விபத்தில் சர்வேயர் ஈசியூவைத் துருவினால் க்ளெய்ம் தொங்கும். வாரண்டியும் அப்படித்தான், எத்தனை முறை எழுதப்பட்டது என்று எண்ணி வைக்கும் ஈசியூக்கள் இருக்கின்றன. ஈய சீல் அறுந்தது கண்ணுக்குத் தெரிந்தது, இது தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் உட்கார்ந்திருக்கிறது. கரித்துகளைப் பிடித்து, அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும் வடிகட்டி. டீசலைக் கண்டபடி கூட்டினால் அது அடைத்துக்கொள்ளும். "அண்ணா, அதைத் தூக்கிட்டு சாஃப்ட்வேர்ல மூடிருங்க" என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். புகையில் வளர்ந்தவன் நான்; சங்ககிரியில் என் சட்டைக் காலர் வெள்ளையாக இருந்ததே இல்லை. அந்தப் புகையை மறுபடி ரோட்டில் விட எனக்கு மனசு வராது.

2018இல் வீடு வீடாகப் போவதை நிறுத்தினேன். ஞானம் பிறந்து நிறுத்தவில்லை. முதுகு வலி, அப்புறம் சிங்காநல்லூரில் வாடகைக்கு ஷெட் கிடைத்தது. இப்போதும் மாதம் நாலைந்து மேப் போடுகிறேன், ஒரிஜினல் கருவியில். கார் காலையிலேயே வர வேண்டும். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் பாட்டிலில் பிடித்துப் பார்ப்பேன். ஹோஸ்களில் காற்று ஏற்றிக் கசிவு பார்ப்பேன். ஓட்டிக்கொண்டே, ஈசியூ கேட்கும் டர்போ அழுத்தமும் டர்போ கொடுக்கும் அழுத்தமும் ஒத்துப்போகிறதா என்று பதிவெடுப்பேன். பத்தில் மூன்று கார் இதிலேயே கழன்றுவிடும். ஏர் ஃபில்டர், ஹோஸ், சென்சார் சரிசெய்ததும் "இதுவே போதுங்க, மேப் வேண்டாம்" என்று போனவர்கள் உண்டு. அவர்களிடம் சர்வீஸ் கூலி மட்டும்.

அக்கா மகனிடம் கடைசியில் இப்படிச் சொன்னேன்: "வர்றவன்கிட்ட முதல்ல விலை கேக்காத. காரை எவ்வளவு நேரம் பாப்பேன்னு கேளு. பேட்டரிக்குப் பெட்டி கொண்டு வர்றானான்னு பாரு. உன்ற காரோட பழைய ஃபைலை முதல்லயே உன்ற பென் டிரைவ்ல போட்டுக் குடுக்கச் சொல்லு. இந்தக் காருக்கு மேப் வேண்டாம்னு எப்பவாச்சும் யாருக்காச்சும் சொல்லியிருக்கியான்னு கேளு. மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சிரும்." அவன் போட்டுக்கொண்டானா, தெரியவில்லை. போட்டிருந்தால் என்னிடம் சொல்ல மாட்டான்.

போன வாரம் மத்தியானம் ஒரு பையன் ஷெட்டுக்கு ஓடி வந்தான். இருபத்தி மூன்று வயசு இருக்கும். தோளில் லேப்டாப் பை. எதிர் சந்தில் ஒரு வீட்டில் மேப் போட வந்தவன். "அண்ணா, பேட்டரி சப்போர்ட் பாக்ஸ் ஒரு மணி நேரம் கிடைக்குங்களா? வோல்டேஜ் எறங்குது, எழுதப் பயமா இருக்குதுங்." எழுதாமல் நிறுத்தி ஓடி வந்தானே என்று எனக்குப் பிடித்துப்போனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். வெள்ளை எர்டிகா டீசல், ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ஓடியது. ஒரிஜினல் ஃபைல் எங்கே என்று கேட்டேன். வண்டி நம்பர் போட்டு வரிசையாக ஃபோல்டர் வைத்திருந்தான். சரி, கிளட்ச் பார்த்தியா?

"இல்லீங்ண்ணா. எப்படிங் பாக்கறது?"

சாவியை வாங்கி அவன் கையில் கொடுத்து, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். திருச்சி ரோட்டுக்கு விடச் சொன்னேன்.